மாலைக்குள் இருப்பது என் கண்

எங்கள் வீட்டுச் சுவரில் மாலை போட்டு மாட்டியிருக்கும் படத்தில் இருப்பது என் அக்கா வதனி இல்லை. நான்தான்.

அந்தப் படத்துக்குத்தான் அம்மா தினமும் விளக்கேற்றுகிறாள்...

அக்காவுக்கும் எனக்கும் ஒரே முகவெட்டு. கண் மட்டும் வேறு. அவளுக்குச் சாம்பலும் பச்சையும் கலந்த கண், எனக்குக் கறுப்பு. எங்கள் ஊர்ச் சல்லிக் கடற்கரையில் மீன் வாங்கப் போனால், "பூனைக்கண்ணியின்ட தங்கச்சி வாறாள்" என்பார்கள். எனக்கென்று ஒரு பெயர் இல்லையா?

அதனால் அவளைத் தனியாகவும் நாங்கள் சேர்ந்தும் எடுத்த படங்களை எல்லாம் என் போனிலிருந்து அழித்துவிடுவேன். அவளிடம் இருந்தது பட்டன் போன். கேட்டால், "வடிவா வரேல்ல அக்கா" என்பேன். நம்பிவிடுவாள்.

பிறகு அவளுக்குத் தெரியாமல் டவுனுக்குப் போய் நிற லென்ஸ் வாங்கினேன். முதலில் நான் எடுத்தது மெல்லிய பச்சை. கடைக்காரப் பெண் சிரித்தாள்.

"கறுப்புக் கண்ணில உது தெரியாது தங்கச்சி. உள்ள நிறத்தை மூடுறதுதான் வேணும். கண் டொக்டரிட்டக் காட்டினனீங்களோ?"

"ஓம்" என்றேன். பொய்.

அதைப் போட்டுக்கொண்டு வெளியே போகத் துணிவு வருமுன் அக்கா டெங்குக் காய்ச்சலில் போய்விட்டாள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக் கல்வெட்டு அச்சடிக்க வேண்டும். அந்த நினைவுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் அவள் முகம் வர வேண்டும்.

"உன்ர போனில நிறையக் கிடக்கும். நல்லதா ஒண்டு குடு பிள்ளை" என்றாள் அம்மா.

ஒன்றுமே இல்லை! வீட்டில் இருந்த பழைய படங்களும் சுனாமியோடு போய்விட்டன. அவளின் அடையாள அட்டைப் படத்தில் முகம் வெறும் கறுப்புத் திட்டு. அழித்துவிட்டேன் என்று அம்மாவின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

அக்காவின் நீலச் சட்டையைப் போட்டேன். லென்ஸைப் போட்டேன். ஸ்டூடியோவில் கண் எரிந்து தண்ணீராய் ஓடியது. "கசக்காதீங்கோ, சிவந்திடும்" என்றார் படம் எடுத்தவர்.

வந்தவர்கள் எல்லோரும் கல்வெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார்கள். "என்ன வடிவான கண் உது" என்றாள் மாமி. அக்காவின் இடது கண்ணில் ஒரு மண்ணிறப் புள்ளி இருந்தது. லென்ஸில் அது இல்லை. ஒருவருக்கும் தெரியவில்லை. பெற்றவளுக்குமா தெரியவில்லை? சில நாள் ஆத்திரமாக வருகிறது... யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

லென்ஸை வீசிவிட்டேன். படத்தை எப்படி வீசுவது? உண்மையைச் சொன்னால் அம்மாவுக்குப் பார்க்க ஒரு முகமும் மிஞ்சாது. சொல்லாவிட்டால் அந்தப் புள்ளியை அவள் மறந்தே போவாள். நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்?

நேற்றுப் படத்தின் கண்ணாடியைத் துடைத்தபடி அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"முகம் அவளின்டதான் உனக்கு. ஆனா இந்தக் கண் உனக்கு வரேல்லயே, பிள்ளை."

நான் தலையைக் குனிந்துகொண்டு, விளக்குக்கு எண்ணெய் ஊற்றினேன்.