அங்கம்மா கேட்ட கேள்வி

பால்மா கரைத்துக்கொண்டே ஜெசிந்தினி கடவுளைத் திட்டுவாள். "இன்னைக்கும் மழையா? இந்த ஈரத் துணியெல்லாம் நான் எங்க காயப்போடுறது? நீயே சொல்லு." கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பவளைப்போல ஒரு நொடி கரண்டியை நிறுத்துவாள். பிறகு மறுபடி கலக்குவாள்.

ஸ்பிரிங்வெளிக்கு மேலே, பதுளை பஸ் திரும்பும் இடத்திலிருந்து இன்னும் ஏறிப் போனால் அவளுடைய தோட்டம். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவைப் பதினெட்டு வருடமாக அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். குள்ளமான உருவம். குரல் மட்டும் அடுத்த மலை வரைக்கும் கேட்கும். தூங்கவைக்கும் முன் எல்லாப் பிள்ளைக்கும் நெற்றியில் பெருவிரலால் ஒரு சிலுவை போடுவாள். சைவக்காரத் தாய் ஒருத்தி இதற்கு முகம் சுளித்தபோது, "நான் சிலுவை போட்டுக்கிறேன், நீ வந்து துன்னூறு பூசிக்க. புள்ள நெத்தியில எடமா இல்ல?" என்றாள்.

கணவன் எட்வர்ட் ஆறு வருடத்துக்கு முன் கொழுந்து லொறியிலிருந்து விழுந்தவன். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அன்று ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் செபமாலையைப் பிடித்துக்கொண்டு, "உசுர மட்டும் குடு, மத்தத நான் பாத்துக்கிறேன்" என்று கேட்டாள். உயிர் கிடைத்தது. மற்றதை அவள் பார்த்துக்கொண்டாள்.

கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் அடித்த மழை நான்காம் நாள் காலையில் கொஞ்சம் ஓய்ந்தது. பெண்கள் மலைக்குப் போனார்கள். பதினொரு மணிபோல மழை திரும்பவும் பிடித்தது. தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்த ஜெசிந்தினியின் பாதம் நனைந்தது. குனிந்து பார்த்தாள். பின்சுவருக்கும் தரைக்கும் நடுவே ஒரு வெடிப்பு. அதிலிருந்து செம்மண் தண்ணீர் கொப்பளித்து வந்தது.

உள்ளே பதினொரு பிள்ளைகள். அதில் இரண்டு கைக்குழந்தை. மேலே ஐந்து நிமிடம் ஏறினால் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், லயம். அங்கே காம்பராவில் தனியாகப் படுத்திருக்கிறான் எட்வர்ட். கீழே பத்து நிமிடம் இறங்கினால் அந்தோனியார் கோயில், கருங்கல் கட்டடம். வாசலில் நின்று மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். ஒரு குழந்தை வீறிட்டது.

"அவர நீ பாத்துக்க," என்றாள் சத்தமாகவே. "இதுகள நான் பாத்துக்கிறேன்."

தொட்டில் சேலைகளை அவிழ்த்து ஒரு குழந்தையை நெஞ்சிலும் ஒன்றை முதுகிலும் கட்டினாள். துணிக் கொடியை அறுத்து மற்றப் பிள்ளைகளின் கையில் கொடுத்தாள். "கயித்த விட்டா கால ஒடிச்சிருவேன்!" பாதை சேறாய் வழுக்கியது. ஒரு சிறுமி, "ஆயம்மா, பாட்டுப் படிக்கவா?" என்றாள். "படி. கத்திப் படி." பாதி வழியில் மேலே பெரிய லொறி கவிழ்ந்ததுபோல ஒரு சத்தம். பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். ஜெசிந்தினி திரும்பவில்லை. திரும்பினால் தன் கால் மேலே ஓடிவிடும் என்று அவளுக்குத் தெரியும். "நட! நட!" என்று கத்தினாள்.

கோயிலுக்குள் போய் எண்ணினாள். பதினொன்று. மறுபடி எண்ணினாள். பிறகு குழந்தைகளை ஃபாதர் கையில் கொடுத்துவிட்டு மேலே ஓடினாள்.

ரோட்டோரத்தில், சாக்கு விரித்துப் படுக்கவைத்த எட்வர்ட் மழையில் நனைந்துகொண்டு கிடந்தான். உயிரோடு.

"யாரு தூக்கியாந்தது?"

"ஜீவன்."

"அவன் எங்க?"

"மாட்ட அவுத்துட்டு வாறேன்னு மேல போனான்." எட்வர்ட் கையை நீட்டிக் காட்டினான். காட்டிய இடத்தில் லயம் இல்லை. மண்தான் இருந்தது.

ஜீவன் பக்கத்துக் காம்பரா அங்கம்மாவின் ஒரே மகன். வெலிமடையில் மரக்கறி லொறிக்கு மூட்டை ஏற்றுபவன். ரோடு அடைபட்டதால் வீட்டில் இருந்தான். அங்கம்மா முதல் நாளே பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய், திரும்ப பஸ் இல்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் அவனைத் தோண்டி எடுத்தபோதுதான் வந்து சேர்ந்தாள்.

சாவு வீட்டில் ஜெசிந்தினி அவள் கையைப் பிடிக்கப் போனாள். அங்கம்மா கையை இழுத்துக்கொண்டாள். அழவில்லை. "ஒன் சாமி ஒனக்குக் குடுத்துருச்சு. எங்கிட்டருந்து எடுத்துருச்சு. ஏன்னு கேட்டுச் சொல்லு. நீதான் தெனமும் பேசுறியே."

வீடிழந்தவர்களையெல்லாம் கோயில் மண்டபத்தில் தங்கவைத்தார்கள். இருவருக்கும் அடுத்தடுத்த பாய். அங்கம்மா சுவர்ப் பக்கம் திரும்பியே படுப்பாள். ஜெசிந்தினி காலையில் கொண்டுபோய் வைக்கும் தேத்தண்ணியை அங்கம்மா ஆறவிட்டு வெளியே ஊற்றுவாள். மறுநாளும் ஜெசிந்தினி வைப்பாள். அவளும் ஊற்றுவாள். சுற்றியிருப்பவர்கள் பார்ப்பார்கள்.

"நான் போயிருக்கணும் புள்ள," என்றான் எட்வர்ட் ஒரு நாள்.

"வாய மூடுங்க. அது அவன் சொமந்த உசுரு. அத வேணாம்னு சொல்ல ஒங்களுக்கு உரிமை இல்ல."

செபத்தை அவள் விடவில்லை. ஆனால் திட்டுவது நின்றுபோனது. "அவ கேட்டது ஒனக்கும் கேட்டுச்சுதானே? எனக்கு ஒண்ணும் தெரியல. நீதான் சொல்லணும்." சொல்லிவிட்டு முன்னைவிட நெடுநேரம் காத்திருந்தாள். அடுத்த நாளும் அதையே கேட்டாள்.

மார்கழி முதல் ஞாயிறு நன்றித் திருப்பலி. பதினொரு தாய்மாரும் முன்வரிசையில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார்கள், சைவக்காரர்களும் வந்திருந்தார்கள். பூசை முடிந்ததும் ஃபாதர் மைக்கைப் பிடித்தார். "ஆண்டவர் எப்புடிக் காப்பாத்தினாருன்னு ஜெசிந்தினி நமக்கு ரெண்டு வார்த்தை சொல்லுவாங்க."

அவள் எழுந்து போனாள். மைக்குக்கு முன்னால் நின்றபோது பக்கவாசல் தெரிந்தது. வெளிப்படியில் அங்கம்மா, கோயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். மழைச் சாரல் அவள் மேல் அடித்துக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கியில் ஃபாதர் சொன்னது அவளுக்கும் கேட்டிருக்கும்.

கோயில் முழுவதும் ஜெசிந்தினியையே பார்த்தது.

"ஜீவன்னு ஒரு புள்ள," என்றாள். அந்தப் பெரிய குரல் அதற்கு மேல் எழவில்லை. மைக்கை விட்டு இறங்கிப் பக்கவாசல் வழியாக வெளியே போனாள். படியில் அங்கம்மாவுக்குப் பக்கத்தில், சாரல் அடித்த பக்கமாக உட்கார்ந்து, தலையில் போட்டிருந்த முக்காட்டை எடுத்து அங்கம்மாவின் நனைந்த தலையைத் துவட்டத் தொடங்கினாள்.