சங்கக்கா தூக்காத கை

என் மனைவியை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் அவள் சங்கக்கா. நகராட்சிக் கட்டடத்து மொட்டை மாடியில் இருக்கும் அபாயச் சங்கு அவள் பொறுப்பு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய நாடு, எங்கள் நாட்டை விழுங்கி ஏப்பம் விட எப்போதும் தயாராக உட்கார்ந்திருக்கிறது. எல்லைக் காவல் சாவடியிலிருந்து போன் வந்தால் இவள் சாவியைத் திருப்ப வேண்டும், ஊர் நிலவறைக்குள் ஓட வேண்டும். மற்ற நேரமெல்லாம் அந்த மெஷினைத் துடைப்பாள், எண்ணெய் விடுவாள், வயரை எலி கடிக்காமல் பார்த்துக்கொள்வாள். கட்டிய புருஷனை அந்த அளவுக்குக் கவனித்ததில்லை என்பது என் நெடுநாள் புகார். நான் தையல்காரன், வாய் கொஞ்சம் நீளம்.

போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் சங்கு ஊதியது. என் கடையில் அளவு சரிபார்த்துக்கொண்டிருந்த தபால்காரர், பாதி தைத்த கால்சட்டையைக் கையால் பிடித்துக்கொண்டு நிலவறைக்குள் பாய்ந்தார். வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். ஒன்றும் வரவில்லை. சாவடியின் ரேடார் திரையில் தெரிந்தது விமானம் அல்ல, பறவைக் கூட்டம் என்று பிறகு அறிவித்தார்கள்.

மறுநாள் காலை இவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்கப் போகிறாளாம்!

"நீ என்னடி தப்பு பண்ணே? ஊதச் சொன்னாங்க, ஊதினே. போன் பண்ணவன் வரட்டும் மன்னிப்பு கேக்க."

"திருப்பினது என் கைதானே."

சிலர் சிரித்தார்கள், சிலர் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். பேக்கரிக்காரம்மா நிலவறைக்கு ஓடும்போது படியில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். கட்டுப் பிரிக்கும்வரை தினமும் காலையில் இவள்தான் போய் அந்தம்மாவுக்குத் தலைவாரிப் பின்னிவிட்டு வந்தாள். இவளுக்கு ரோஷமே கிடையாதா என்று எனக்கு எரிச்சல். இப்போது யோசித்துப் பார்த்தால், ஊரில் வேறு யாருக்கும் இல்லாத ரோஷம் அது.

அதற்கப்புறம்தான் அணுகுண்டு விவகாரம் வந்தது. நம் நாடும் ஒன்று செய்து வைத்துக்கொள்ளலாமா என்று அரசாங்கம் ஊர் ஊராகக் கூட்டம் போட்டு, கை தூக்கச் சொல்லிக் கேட்டது. நான் முதல் நாளிலிருந்தே குண்டுக் கட்சி. இளைத்தவனைத்தானே எல்லோரும் தட்டிப் பார்க்கிறார்கள்? எங்கள் ஒரே மகன் அந்த எல்லைச் சாவடியில்தான் சிப்பாயாக இருக்கிறான். கூட்டத்துக்கு முன்னால் அவனே போன் செய்தான்.

"அம்மா, நீ தூக்கினா ஊரே தூக்கும். அது நம்மகிட்ட இருந்தா, எங்க மேல கை வைக்க அந்தப் பக்கத்துக்காரன் நூறு தடவை யோசிப்பான். எனக்காக தூக்கும்மா."

"பாக்கலாம்டா" என்றாள். எங்கள் வீட்டில் பாக்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம். கல்யாணமான புதிதிலேயே எனக்கு அது புரிந்துவிட்டது.

நகராட்சி மண்டபத்தில் நிற்க இடமில்லை. தலைவர் நியாயமாகத்தான் பேசினார். "போன தடவை அவன் சுட்டப்போ நட்பு நாடுகள் எல்லாம் வருத்தம் தெரிவிச்சாங்க. ஒருத்தரும் வரல. நம்மள நாமதான் பாத்துக்கணும்." பின்வரிசையிலிருந்து எவனோ, "அவனுக்குச் சங்கு ஊதிடலாம் தலைவரே!" என்று கத்தினான். மண்டபமே சிரித்து என் மனைவியைத் திரும்பிப் பார்த்தது. அவள் எழுந்தாள்.

"சங்கு ஊதறவ நான்தான், அதனால நானே சொல்லிடறேன். அன்னைக்குப் போன் பண்ணது என் பையன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்னிடம்கூட அவள் இதைச் சொல்லியிருக்கவில்லை.

"'ஊதுங்க'ன்னான். பொறந்ததுலேருந்து என்னை 'ங்க' போட்டு அவன் பேசினதே இல்ல. அந்த ஒரு வார்த்தையிலேயே குரல் நடுங்கிச்சு. கெட்டிக்காரப் பையன், கண்ணும் நல்லா தெரியும். ஆனா பயந்துட்டான். பறவை விமானமா தெரிஞ்சுடுச்சு. நானும் பயந்துட்டேன், திருப்பிட்டேன். வெறும் சங்குங்கறதால உங்க வீட்டு வாசல்ல வந்து நின்னேன், திட்டறதுக்கு நீங்க இருந்தீங்க. அந்தக் குண்டைத் தப்பா அனுப்பிட்டா, நான் யார் வீட்டுக் கதவைப் போய்த் தட்டறது?"

தலைவர் தணிந்த குரலில் கேட்டார்: "சரிக்கா. அது இல்லாததால அவன் துணிஞ்சு உள்ள வந்து, முதல்ல உங்க பையனையே சுட்டுட்டா?"

அவள் முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "அதுக்கு எங்கிட்ட பதில் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

கை தூக்கச் சொன்னார்கள். மண்டபம் முழுக்கக் கைகள். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து நானும் தூக்கினேன். அவள் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை பேர் நடுவில் அப்படி உட்கார எனக்கெல்லாம் ஏழு பிறவி எடுத்தாலும் தைரியம் வராது. எனக்குக் கோபமும் வந்தது, இவள் என் பெண்டாட்டி என்று பெருமையும் வந்தது.

ஊரில் நடந்தது எங்களுக்கு முன்னால் எல்லைக்குப் போய்விட்டது. வீட்டுக்குள் நுழையும்போதே போன் அடித்தது.

"ஊர் முன்னாடி என் மானத்தை வாங்கிட்டியேம்மா. இங்க எல்லாரும் சிரிக்கிறானுங்க."

"ஆமாடா. வாங்கிட்டேன்."

"உன் பையனுக்காக ஒரு கை. அதைக்கூட தூக்கலையே நீ."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். நான் காதைக் கிட்டே கொண்டுபோனேன். அவன் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. பிறகு, சின்ன வயதில் இருட்டறைக்குள்ளிருந்து கூப்பிடுவானே, அந்தக் குரலில் சொன்னான்:

"இங்க பயமா இருக்கும்மா."

"தெரியும்டா கண்ணு. அதனாலதான் தூக்கல."

போனை என்னிடம் நீட்டினாள். வாங்கிக் காதில் வைத்துக்கொண்டேன். நானும் அதனால்தான் கை தூக்கியிருந்தேன்.