உயிலுக்கு நான்கு நாள் மூத்தவள்

தாமஸ் ஹேவர்டன் செத்த அன்று, அவர் பண்ணையில் துணி வெளுத்துவந்த லெட்டி அழவில்லை. பயந்தாள். அழுததெல்லாம் பெரிய வீட்டுக்காரர்கள். குடிசை வரிசையில் இருந்தவர்களுக்கு அழ நேரமில்லை. எசமான் உயிரோடு இருந்தால் அந்த ஒருவரின் கோபத்துக்குப் பயந்தால் போதும். செத்துவிட்டால், யார் யாருக்குப் பங்காகப் போவோம் என்று தெரியாமல் ஒவ்வொரு குதிரைக் குளம்புச் சத்தத்துக்கும் பயப்பட வேண்டும். ரப்பஹான்னக் ஆற்றங்கரைப் புகையிலைப் பண்ணைகளில் அடிமையாகப் பிறந்த யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

லெட்டி இந்தப் பண்ணைக்கு வந்ததே ஒரு பாகப்பிரிவினையில்தான். எசமானியின் தகப்பனார் செத்தபோது இறகு மெத்தை இரண்டு, தாமிரக் கொப்பரை ஒன்று, லெட்டி ஒன்று என்று எசமானியின் பங்குக்கு வந்தது. அப்போது அவளுக்கு எட்டு வயது. அவள் அம்மா எசமானியின் அண்ணன் ஒருவனுக்குப் போனாள். அம்மாவின் முகம் லெட்டிக்கு மறந்துவிட்டது. வண்டி வடக்கே போனது மட்டும் ஞாபகம் இருந்தது.

இப்போது அவளுக்கே ஒரு மகள், சூக்கி. ஒன்பது வயது. கொடியில் துணி உலர்த்த எட்டாமல் முக்காலி போட்டு ஏறி நிற்பாள். இடைவிடாமல் பேசுவாள். பதில் வராவிட்டால் வாத்துகளிடம் பேசுவாள். லெட்டிக்குப் பிறந்த நான்கில் தங்கியது இது ஒன்றுதான்.

எசமானைப் புதைத்துவிட்டு வந்த மறுநாள், வெள்ளாவிக் கொப்பரை கொதித்துக்கொண்டிருக்கும்போது சமையற்காரி ஜூடி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பெரிய வீட்டில் நடக்கும் எந்தப் பேச்சும் ஜூடியைத் தாண்டித்தான் வெளியே வரும்.

"மெத்தையில சூடு ஆறல, அதுக்குள்ள கரண்டிய எண்ண ஆரம்பிச்சுட்டாங்கடி" என்றாள். "உக்காரு. உன் சமாச்சாரந்தான்."

"நின்னுக்கிட்டே கேக்கறேன். சொல்லுக்கா."

"நீ ஆன் அம்மாவுக்கு. உயில்ல பேரு போட்டே எழுதியிருக்காராம். நீ தப்பிச்சே."

ஆன், எசமானின் மகள். கட்டிக்கொடுத்த இடம் ஓடைக்கு அக்கரையில், ஒரு மணி நேர நடை. அங்கே போவதில் லெட்டிக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. பயமெல்லாம் மகன் பிரான்சிஸைப் பற்றித்தான். புகையிலை போட்டுப் போட்டு இந்த மண் செத்துவிட்டது என்று சொல்லி, தெற்கே ரோனோக் ஆற்றுப் பக்கம் காடு வாங்கியிருந்தான். தன் பங்குக்கு வரும் ஆட்களையெல்லாம் அங்கே கொண்டுபோய்க் காடு வெட்டவைக்கப் போகிறான். வண்டியில் பதினைந்து நாள் பயணம். போனவர்கள் திரும்பி வந்ததாகக் கதை கூடக் கிடையாது.

"சூக்கி?" என்றாள் லெட்டி.

"அதுலதான் அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் இழுபறி. உயில் எழுதுன அன்னிக்கு அவ பொறந்திருந்தாளா, அதுக்கப்புறம் பொறந்தாளான்னு கேக்கறாங்க. ஒண்ணுன்னா உன்கூட வருவா. இன்னொண்ணுன்னா சின்ன எசமானோட போவா."

"எதுன்னா என்கூட?"

"அதச் சொல்றதுக்குள்ள சர்க்கரை எடுத்துட்டு வான்னு என்னை வெரட்டிட்டாங்க. வந்து பாத்தா குதிரையப் பத்திப் பேசிட்டு இருக்காங்க."

லெட்டி அப்போதுதான் உட்கார்ந்தாள்.

எசமானி இருந்தவரை, பண்ணையில் பிறக்கும் குழந்தைகளை எல்லாம் குடும்பப் பைபிளின் கடைசித் தாள்களில் எழுதிவைப்பாள். சூக்கிக்கு "லெட்டியின் பெண், செப்டம்பர்" என்று மட்டும் எழுதியிருந்தாள், தேதி போடவில்லை. அந்த அம்மாள் செத்து ஐந்து வருஷம். பிரசவம் பார்த்த கிழவியும் இல்லை. உயிலும் அதே செப்டம்பரில் எழுதியது. ஆகவே விஷயம் லெட்டியின் வாய்க்கு வந்துவிட்டது. கோர்ட்டில் அவள் சாட்சி செல்லாது. ஆனால் கோர்ட்டு அனுப்பும் மூன்று துரைமார் பண்ணைக்கு வந்து சொத்தைப் பார்த்து எழுதும்போது, பசு எப்போது ஈன்றது என்று மாட்டுக்காரனைக் கேட்பதுபோல அவளையும் கேட்பார்கள். அவள் சொல்வதை எழுதிக்கொள்வார்கள்.

நாள் லெட்டிக்கு நன்றாகவே தெரியும். உயில் எழுதிய அன்று மூன்று பெரிய மனிதர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட வந்தார்கள். பிள்ளை பெற்று நான்கு நாள் ஆகியிருந்த அவளை எழுப்பி, எசமானின் நல்ல சட்டையைத் தேய்க்கச் சொன்னார்கள். கூடையில் குழந்தையை வைத்து மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டுத் தேய்த்தாள். குழந்தை அழுததும் மார்பு சுரந்து சட்டை மேல் சொட்டியது. மறுபடி அலசி, மறுபடி தேய்த்தாள். சட்டைக்கு அவசரப்பட்டு எசமானே வந்தார். கூடைக்குள் எட்டிப்பார்த்து, "பொண்ணா?" என்று கேட்டார். அப்புறம் சட்டையைப் போட்டுக்கொண்டு போய் உயிலில் கையெழுத்துப் போட்டார்.

தெரியாதது ஒன்றுதான். இதைச் சொன்னால் பிள்ளை கிடைக்குமா, போகுமா?

துரைமார் வருவதற்கு ஆறு நாள் இருந்தது. அந்த ஆறு நாளில் லெட்டி இருபது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு சட்டைக் கையைக் கருக்கினாள். சூக்கி கண்ணில் படாவிட்டால் கை வேலையைப் போட்டுவிட்டுத் தேடப் போனாள். கிடைத்ததும் திட்டினாள். சூக்கிக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் என்ன பண்ணேன்? வாத்துகிட்டதான பேசினேன்?" என்றாள்.

குடிசை வரிசையில் எல்லாரும் யோசித்தார்கள். கடைசியில் ஜூடி சொன்னதுதான் எல்லாருக்கும் சரியாகப் பட்டது.

"கன்னு போட்ட மாட்ட வித்தா கன்னும் சேந்துதான போகுது? எழுதுறப்ப இருந்த பிள்ளை உன்னோட சேத்திதான். அதுக்கப்புறம் பொறந்ததுன்னா, பாவம், அந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்? தெரியாத பிள்ளைய எப்படி எழுதுவாரு? அது மிச்சத்துல போயிரும். மிச்சமெல்லாம் சின்ன எசமானுக்கு."

"கூடைக்குள்ள பாத்தாருக்கா. பொண்ணான்னு கேட்டாரு."

"அப்புறம் என்னடி பயம்? பாத்த சூட்டோட எழுதியிருப்பாரு."

சனிக்கிழமை சாயங்காலம் அவள் புருஷன் பென் வந்தான். பக்கத்துப் பண்ணை வில்மட் துரையிடம் புகையிலைப் பீப்பாய் செய்பவன். அவனுக்கும் ஜூடி சொன்னது நியாயமாகவே பட்டது.

"உள்ளத உள்ளபடி சொல்லிரு" என்றான். "மாத்திச் சொல்லி அப்புறம் தெரிஞ்சுதுன்னா உன் முதுகுத் தோலு மிஞ்சாது. வர்ற மூணு பேர்ல எங்க துரையும் ஒருத்தரு. உயில்ல கையெழுத்துப் போட்டவரும் அவருதான். எல்லாம் ஞாபகம் வச்சிருப்பாரு."

"உள்ளதச் சொல்லி அவ போயிட்டா?"

பென் சூக்கியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் போனான். அவள் தோளில் உட்காரும் வயதைத் தாண்டியிருந்தாள்.

லெட்டி ஒரு தடவை ஆனிடமே கேட்டுப் பார்த்தாள். தேய்த்த பாவாடைகளைக் கொண்டுபோனபோது, "அம்மா, சூக்கி விஷயம்..." என்று ஆரம்பித்தாள்.

ஆன் கண்ணாடியைப் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். "கேக்கும்போது யோசிச்சுச் சொல்லு, லெட்டி" என்றாள். எசமானர்கள் யோசித்துச் சொல் என்றால் பொய் சொல்லாதே என்று அர்த்தம். லெட்டி பிறந்ததிலிருந்து அப்படித்தான் கேட்டுவந்திருக்கிறாள்.

துரைமார் ஒரு புதன்கிழமை காலையில் வந்தார்கள். முதலில் வெள்ளிக் கரண்டி, பீங்கான், நாற்காலி, நிலைக்கண்ணாடி. பிறகு குதிரை, மாடு, பன்றி. பிறகு ஆட்கள். கூடத்துக்கு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். பல்லைப் பார்த்தார்கள், தோளைத் தட்டிப் பார்த்தார்கள். சூக்கியை நடந்து காட்டச் சொன்னார்கள். அவள் சுவர் வரை நடந்து திரும்பி வந்து, "இன்னொரு தடவ நடக்கவாங்க?" என்று கேட்டாள். ஒரு துரை சிரித்தார்.

"இவ எப்பப் பொறந்தா?" என்று கேட்டார் வில்மட் துரை. "ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி ஹேவர்டன் உயில் எழுதுறப்ப நாங்க வந்தோமே, அன்னிக்கு இவ இருந்தாளா?"

மேஜைக்கு ஒரு பக்கம் ஆன், மறு பக்கம் பிரான்சிஸ். இருவரும் அவளையே பார்த்தார்கள்.

லெட்டி வாயைத் திறந்தாள். ஆறு நாளாக மனப்பாடம் செய்த வார்த்தைகள் தடதடவென்று வந்தன. "இருந்தாங்க எசமான். பொறந்து நாலு நாளு. மேஜைக்கு அடியில கூடையில போட்டிருந்தேன். எசமான் சட்டையில பால் சொட்டிட்டுதுன்னு மறுபடி தொவைச்சேன். எசமானே வந்து கூடையப் பாத்து பொண்ணான்னு கேட்டாரு. பைபிள் மேல சத்தியம்."

"சட்டை" என்றார் வில்மட் துரை. "ஆமா. அன்னிக்கு ஈரச் சட்டையோட வந்து உக்காந்தான். நாங்க கேலி பண்ணோம்." அவர் எழுதுகிறவர் பக்கம் திரும்பினார். "முன்னாடிதான். எழுதிக்கோங்க."

பிரான்சிஸ் நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டான். அவன் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. ஆன் கையுறையைக் கழற்றி மடியில் வைத்தாள்.

லெட்டி பிரான்சிஸின் முகத்தைப் பார்த்தாள். "என்கூடத்தானங்க?" என்றாள். கேட்கக்கூடாது என்று தெரிந்தும் கேட்டாள்.

வில்மட் துரை கெட்டவர் இல்லை. பொறுமையாகவே சொன்னார். "உயில்ல உன்னையும், இனிமே உனக்குப் பொறக்கப்போற பிள்ளைங்களையும் ஆனுக்குன்னு எழுதியிருக்கு. இவ அதுக்கு முன்னாடியே பொறந்துட்டா. இவ பேரு எங்கயும் இல்ல. பேரு இல்லாததெல்லாம் பிரான்சிஸுக்கு."

இதுதான் நடந்தது. கூடைக்குள் குனிந்து பார்த்து, பெண்ணா என்று கேட்டுவிட்டுப் போன மனிதர், பிறக்காத பிள்ளைகளையெல்லாம் ஞாபகமாக எழுதிவிட்டு, பார்த்துவிட்டு வந்த பிள்ளையை மறந்துவிட்டார். அவருக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இருந்திருக்காது. எண்ணமே இருந்திருக்காது.

"எசமான், தப்பாச் சொல்லிட்டேங்க" என்றாள் லெட்டி. "அது வேற பிள்ளைங்க. செத்துப்போன பிள்ளை. இவ அதுக்கப்புறம், ரொம்ப நாள் அப்புறம். எனக்கு நாள் கணக்குத் தெரியாதுங்க. நான் முட்டாளுங்க."

"பாருங்க, அதுக்குள்ள மாத்துறா" என்று பிரான்சிஸ் சிரித்தான். மற்ற துரைமாரும் சிரித்தார்கள். வில்மட் துரை மட்டும் சிரிக்காமல், அடுத்த ஆளை வரச்சொன்னார்.

அக்டோபரில் வண்டிகள் கிளம்பின. அதற்கு முன் லெட்டி பிரான்சிஸின் காலில் விழுந்தாள். தன்னையும் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள். நீ என் தங்கச்சியோட ஆளு, அவளைக் கேள் என்றான் அவன். ஆனைக் கேட்டாள். சட்டை மடிப்பு, கழுத்துக் கொசுவம் இதையெல்லாம் பிறகு யார் தேய்ப்பது என்றாள் ஆன். உண்மையாகவே கவலைப்பட்டுத்தான் கேட்டாள். பென் தன் துரையிடம் சொல்லிப் பார்த்தான். அடுத்தவன் சொத்தில் நான் எப்படித் தலையிடுவேன் என்று அவர் சொல்லிவிட்டார்.

சூக்கியை மூன்றாவது வண்டியில் சோள மூட்டைகளுக்கு நடுவில் உட்காரவைத்தார்கள். வண்டி போகிறது என்பதில் அவளுக்கு முதலில் குஷிதான். லெட்டி ஏறவில்லை என்று தெரிந்தபோது வண்டி வாசலைத் தாண்டியிருந்தது. அப்புறம் அவள் கூப்பிட்ட குரல் ஓடைத் திருப்பம் வரை கேட்டது.

அன்று மத்தியானம் ஆன் வெள்ளாவி அறைக்கு வந்தாள். இந்த மாதிரி இடங்களுக்கு அவள் வருகிறவள் அல்ல. ஆறுதல் சொல்ல வந்தாள் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

"எனக்கும் அந்த நாள் ஞாபகம் இருந்துச்சு, லெட்டி" என்றாள். "பதினேழு வயசு எனக்கு. கூடைய நானும் பாத்தேன். ஆனா நான் வாயத் தொறக்கல. உயில் எழுதினதுக்கு அப்புறந்தான் பொறந்தாள்னு நீ சொல்லியிருந்தா நான் மறுத்திருக்க மாட்டேன். யோசிச்சுச் சொல்லுன்னு சொன்னேனே."

"எது சொன்னா கெடைப்பாள்னு சொல்லியிருக்கலாமேம்மா."

"பொய் சொல்லச் சொல்லிக்குடுக்கறது பாவம் இல்லையா?" என்றாள் ஆன். கண் கலங்கியிருந்தது. "உன்னக் குத்தம் சொல்லல. நீ உண்மையத்தான் சொன்னே."

லெட்டி அதற்குப் பிறகு முப்பத்தோரு வருஷம் இருந்தாள். ஓடைக்கு அக்கரையில் ஆனுக்கும், ஆனின் பிள்ளைகளுக்கும், அவர்கள் பிள்ளைகளுக்கும் துணி வெளுத்தாள். வேறு குழந்தை பிறக்கவில்லை. ரோனோக் பக்கத்திலிருந்து வந்த படகுக்காரர்களை எல்லாம் விசாரித்தாள். ஒருவரும் சூக்கியைப் பார்த்ததாகச் சொல்லவில்லை.

கடைசிக் காலத்தில் அவளை மந்தபுத்தி என்று பெரிய வீட்டில் நினைத்தார்கள். எதைக் கேட்டாலும் நேராகப் பதில் வராது. வெளியே மழை பெய்கிறதா என்று ஆனின் பேத்தி ஜன்னல் வழியாகக் கேட்பாள். லெட்டி முற்றத்தில் நனைந்துகொண்டு நிற்பாள். கேட்டவளின் முகத்தை வெகுநேரம் உற்றுப் பார்ப்பாள். அதற்கப்புறம்தான், "உங்களுக்கு எப்படி வேணும்மா?" என்பாள்.