அம்மா பிடித்திருந்த கை

துக்கம் கேட்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "எப்படி ஆச்சு?" என்பதுதான். கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். வீட்டில் ஒருவர் முதலிலிருந்து சொல்லியாக வேண்டும். அம்மா இறந்தபோது செங்கல்பட்டில் என் வீட்டில் அந்தப் பொறுப்பைத் தம்பி எடுத்துக்கொண்டான். எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. அவன் பேசிப் பேசித் தேறுகிறவன். நான் வாயைத் திறந்தால் உடைந்துவிடுவேன். அதனால் டம்ளர்களைக் கழுவினேன். மாத்திரைகளைத் தேதி பார்த்துப் பிரித்து வைத்தேன். வாக்கரைத் துடைத்து மூலையில் சாத்தினேன்.

நடந்ததை இங்கே நடந்தபடி எழுதுகிறேன்.

அம்மா கடைசி இரண்டு வருடமும் என்னோடுதான் இருந்தாள். கண்ணில் அழுத்த நோய் வந்து பார்வை போயிருந்தது. குரலை வைத்தும் கையைத் தொட்டும்தான் ஆளைக் கண்டுபிடிப்பாள். அன்று மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு மூச்சு மாறியது. டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டு, இனி எங்கும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், வர வேண்டியவர்களை வரச் சொல்லுங்கள் என்றார். என் கணவர் வேலைக்குப் போயிருந்தார். கேளம்பாக்கத்தில் இருக்கும் தம்பிக்குப் போன் செய்தேன்.

"வந்துகினே கீறேன்க்கா, திருப்போரூர் தாண்டிட்டேன்" என்றான். அவன் குரலுக்குப் பின்னால் குக்கர் விசில் அடித்தது.

அம்மா ஒன்றையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். "சின்னவன் வந்துட்டானா?"

முதலில் "வந்துகினு கீறான்மா" என்றேன். திரும்பக் கேட்டாள். மறுபடியும் கேட்டாள். வார்த்தை தேயத் தொடங்கியபோது என் கண்ணாடி வளையல்களை முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டேன். அவள் கையைப் பிடித்து, "வந்துட்டான்மா, இதோ அவன் கைதான். அழுதுகினு கீறான், பேச வரல" என்றேன். அம்மா அந்தக் கையை இறுக்கிப் பிடித்தாள். இன்னொரு கையால் ஸ்பூனில் தண்ணீர் விட்டேன். பாதி உள்ளே போனது, பாதி கழுத்தில் வழிந்தது. கொஞ்ச நேரத்தில் பிடி தளர்ந்தது.

தம்பி வந்து சேர்ந்தபோது வாசல் முழுக்கச் செருப்பு. அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். பிறகு என்னைச் சமையலறைக்கு இழுத்துப்போய், "என்னைத் தேடிச்சாக்கா?" என்று கேட்டான். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கையைக் கொடுத்ததையும் தண்ணீர் விட்டதையும் சொன்னேன். "நீ வந்துட்டன்னு நெனச்சிகினுதான்டா போச்சு" என்றேன். அவனுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னேன். என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

முதல் நாள் அவன் சரியாகத்தான் சொன்னான். "அக்கா போன் பண்ணுச்சு, நான் வர்றதுக்குள்ள போயிடுச்சு." பால் தெளித்துவிட்டு வந்த அன்று, "நான் உள்ள நுழையறேன், அம்மாவுக்கு மூச்சு இழுத்துகினு கீது" என்றான். டம்ளரோடு நின்றவள் தவறாகக் கேட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். பதினாறாம் நாள் காரியத்தன்று, பந்தலில் அவனுடைய மாமனார் வீட்டு ஆட்களும் கருங்குழிப் பெரியம்மாவும் சுற்றி உட்கார்ந்திருக்க, அவன் சொன்னது இது.

"என் கையத்தான் புடிச்சிகினு இருந்துச்சு. நான்தான் தண்ணி ஊத்தினேன். பாதி உள்ள போச்சு, பாதி கழுத்துல வழிஞ்சிடுச்சு."

பெரியம்மா அவன் கன்னத்தை வழித்தாள். "குடுத்து வச்சவன்டா நீ. ஆஸ்பத்திரில வயர் சொருகிகினு போவாம, புள்ள கையால தண்ணி வாங்கிகினு போயிருக்கா." பிறகு வடைத் தட்டோடு நின்ற என்னைப் பார்த்தாள். "நீ இன்னாடி, ரெண்டு வருசம் பீ மூத்திரம் அள்ளிட்டு அந்த நேரம் பாத்து எங்க பூட்ட?"

தம்பி என்னைப் பார்த்தான். இப்போது சொல்லிவிடுவான் என்று நினைத்தேன்.

"அது மருந்து வாங்கப் போயிருந்துச்சு பெரியம்மா" என்றான்.

"அவளுக்கு வாச்சது அவ்ளோதான்" என்று பெரியம்மா தட்டிலிருந்து ஒரு வடையை எடுத்துக்கொண்டாள்.

அடுத்த மாதம், சாம்பல் கரைத்த இடத்தைக் காட்டுகிறேன் என்று தம்பி என்னை மாமல்லபுரத்துக்குக் காரில் கூட்டிப்போனான். கரைக்க ஆண்கள் மட்டும்தான் போயிருந்தார்கள். படகுகளைத் தாண்டி, ஆள் குறைந்த மணலில் நின்று அலையைக் காட்டினான். அங்கே கேட்டேன்.

"நான் எந்தக் கடைக்குடா மருந்து வாங்கப் போனேன்?"

"அய்ய, அதுவா? பெரியம்மா கேட்டுச்சு, வாயில வந்துச்சு, சொல்லிட்டேன். இதுக்குப் போயி..."

"நீ போன் பேசறப்ப குக்கர் விசில் கேட்டுச்சு. திருப்போரூர் ரோட்டுல யாருடா சோறு வடிச்சிகினு இருந்தாங்க?"

அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. ஈர மணலிலேயே குந்திவிட்டான். "சட்டைய மாட்டிகினு கட்டில்லயே குந்தியிருந்தேன்க்கா. லிப்ட் வரைக்கும் போயி திரும்பி வந்துட்டேன். நான் வந்தா அம்மா செத்துடும்னு இருந்துச்சு."

"அதச் சொல்றதுதான?"

"அதச் சொன்னா எவன் என்னை மனுசன்னு மதிப்பான்?" பிறகு நிமிர்ந்து பார்த்தான். "யக்கா, நான் ஒண்ணும் பொய் சொல்லல. அம்மாவுக்கு நான் அங்க இருந்தேன் இல்ல? நீதான சொன்ன? அம்மாவ எழுப்பிக் கேட்டா இன்னா சொல்லும்? சின்னவன் கையப் புடிச்சிகினு போனேன்னுதான் சொல்லும்."

திரும்பும்போது திருக்கழுக்குன்றம் வரும் வரை அவன் ரோட்டு வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டே ஓட்டினான். அவன் சொன்னதில் பிழை தேடிக்கொண்டிருந்தேன், கிடைக்கவில்லை. அம்மாவின் கணக்கில் அந்த அறையில் இருந்தவன் அவன்தான். அந்த இறுக்கிய பிடி அவனுக்குக் கொடுத்தது. நான் மருந்து வாங்கப் போனவள்தான்.

வீட்டுக்கு வந்து குழாயடியில் கால் மணலைக் கழுவினேன். குனிந்து தேய்த்தபோது வளையல்கள் குலுங்கின. அம்மாவுக்கு இந்தச் சத்தம் தெரியும். நான் அறைக்குள் நுழையும் முன்பே, "வந்துட்டியா?" என்பாள். அன்று இவற்றை நான் ஏற்றிவிடாமல் இருந்திருக்கலாம்.