மாப்பிள்ளை தள்ளிய கார்

எங்கள் காரில் ஏறியவர்களைவிட அதைத் தள்ளியவர்களே அதிகம். சாய்ந்தமருதில் எங்கள் ஒழுங்கையால் தொழப் போனவர்கள், மீன் வாங்கித் திரும்பியவர்கள், ரியூசனுக்குப் போன பொடியன்கள் என்று எல்லோரும் ஒருநாளாவது அதன் டிக்கியில் கைவைத்திருப்பார்கள். வாப்பா கேற்றைத் திறக்கும் சத்தம் கேட்டால் சிலர் அடுத்த ஒழுங்கையால் சுற்றிப் போகத் தொடங்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வெள்ளை உடுப்போடு ஜும்ஆவுக்குப் போகிற மனிதர் எத்தனை வெள்ளிக்கிழமைதான் கார் தள்ளுவார்?

வாப்பா விஞ்ஞான வாத்தியார். பத்தாம் வகுப்புக்கு மின்சாரம் படிப்பிப்பவர். சுனாமியாய்க் கடல் வந்தபோது எங்கள் பழைய வீட்டோடு அவருடைய மோட்டார் சைக்கிளும் போயிற்று. பெரிய ரோட்டுக்கு மேற்கே புது வீடு எழும்பியதும், தூரத்து ஊரொன்றில் ஒரு தரகர் காட்டிய நாலு கதவுக் காரை வாங்கி வந்தார். ஒரு டொக்டர் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போய்வர மட்டும் பாவித்த கார் என்று தரகர் சொன்னாராம். முதல் நாளே பின் சீற்றுக்கு அடியில் நான் ஒரு சிப்பியைக் கண்டெடுத்தேன். டொக்டர் அம்மாவின் பிள்ளை விட்டுப்போனது என்று நினைத்துப் பென்சில் பெட்டியில் வைத்துக்கொண்டேன். அதைக் கார் திருத்துகிற கராஜ் பாஸிடம் காட்டியபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"சேர், இந்தக் காரும் நம்மளப் போலதான், கடலக் கண்டது. உப்புத்தண்ணி ஸ்டார்ட்டருக்குள்ள போயிரிக்கி. கார்பனும் தேஞ்சி போச்சி."

வாப்பா ஒப்புக்கொள்ளவில்லை. பெற்றரி என்றார். சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். லைட் பளிச்சென்று எரியும், ஹோர்ன் ஊரைக் கூட்டும், எஞ்சின் மட்டும் அசையாது. லைட் அப்படி எரிந்தால் பெற்றரியில் பிழையில்லை என்பது கராஜ் வாசலில் தேத்தண்ணி விற்கிறவருக்கும் தெரிந்திருந்தது. வாப்பா புதுப் பெற்றரி வாங்கிப் போட்டார். 'டிக்' இன்னும் கொஞ்சம் உரத்துக் கேட்டது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று உம்மா அடுப்பைப் பார்த்துச் சொன்னார்.

ஆகவே தள்ளினோம். அதற்கு எங்கள் வீட்டில் ஒரு முறை இருந்தது. வாப்பா இரண்டாம் கியரில் கிளச்சை மிதித்துக்கொண்டிருப்பார். கார் ஓட்டம் பிடித்ததும் கிளச்சை விடுவார். எஞ்சின் உறுமினால் கார் நிற்காது, தள்ளியவர்கள்தாம் ஓடிவந்து பாய்ந்து ஏறவேண்டும். கடைசியாக ஏறுகிறவர் கதவை அடித்துச் சாத்துவார். அந்தச் சத்தம் கேட்டால் எல்லோரும் ஏறியாயிற்று என்று அர்த்தம். வாப்பா திரும்பிப் பார்ப்பதே இல்லை. உள்ளே இருந்த கண்ணாடியும் கழன்று கூரையைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

இந்தக் காரில்தான் என் அக்கா, ராத்தாவின் மாப்பிள்ளையைக் கூட்டிவருவேன் என்று வாப்பா சொன்னார். ராத்தாவின் கலியாணம் ஏற்கனவே இரண்டு தடவை தள்ளிப்போயிருந்தது. சம்மாந்துறை மாப்பிள்ளை வீட்டார் வீடு எழும்பும்வரை முகம் கோணாமல் காத்திருந்தார்கள். அந்த நல்ல மனிதர்களின் பிள்ளையை வாடகை வாகனத்தில் ஏற்றமாட்டேன் என்பது வாப்பாவின் பிடிவாதம். யுத்தம் முடியப்போகிற காலம் அது. சண்டை வடக்கே நடந்தது, ஆனால் எங்கள் ரோட்டிலும் சோதனைச் சாவடிகளுக்குக் குறைவில்லை. அடையாள அட்டை இல்லாதவரை அங்கே பிடித்துவைத்துக்கொள்வார்கள்.

மாப்பிள்ளையைக் கூட்டிவரப் பெண்ணின் தம்பி போவான். வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவுவான், மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போடுவார். எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை இல்லாததால் ஏழு வயதான நான் அந்தப் பதவிக்கு நியமிக்கப்பட்டேன். உம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தார், ஆனால் அவர் சவூதிக்குப் போய்ப் பல வருடமாம். நான் கண்டதே இல்லை. அடுத்த வீட்டுப் பிள்ளைகளின் மாமாமார் சவூதியிலிருந்து சொக்லேட்டும் கதைக்கிற பொம்மையும் அனுப்ப, என் மாமா ஒரு டொபிகூட அனுப்பாதது எனக்குப் பெரிய மனக்குறை.

புறப்படும்போது உம்மா என் நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்திச் சொன்னார்: "மகள், செக்பொயின்ட்ல வாய் தொறக்கப்படாது. வீட்ட வந்து சேருமட்டும் ஒரு கதையும் கதைக்கப்படாது. கதைச்சா மோதிரம் இல்ல."

சம்மாந்துறையில் வாப்பா எஞ்சினை நிறுத்தவே இல்லை. மாப்பிள்ளைக்காக துஆ ஓதி முடியும்வரை வாசலில் கார் உறுமிக்கொண்டே நின்றது. "ஏன் இது ஓடிக்கிட்டே இரிக்கி?" என்று மாப்பிள்ளையின் உம்மா கேட்டார். உள்ளுக்குள் குளிரட்டும் என்று வாப்பா சொன்னார். குளிரூட்டி வேலை செய்து ஒரு யுகம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டாரை வேன்களில் முன்னால் அனுப்பிவிட்டு, மாப்பிள்ளையை என்னோடு பின் சீற்றில் இருத்தி, வாப்பா மெதுவாகப் பின்னால் வந்தார்.

வயல்களுக்கு நடுவே சாவடி வந்தது. வேன்களை அனுப்பிய சிப்பாய் எங்களை மறித்து, "ஓஃப்" என்றான். வாப்பா எஞ்சினை நிறுத்தாமல் ஏதோ விளக்க முயன்றார். அவருக்குச் சிங்களம் தெரியாது, அவனுக்குத் தமிழ் தெரியாது. நிறுத்த மறுக்கிற காரை அந்தக் காலத்தில் எந்தச் சிப்பாய்தான் நம்புவான்? அவன் இரண்டு அடி பின்னால் போய்த் துவக்கை நிமிர்த்தி, "ஓஃப்! ஓஃப்!" என்று கத்தினான். வாப்பா நிறுத்தினார். அவருடைய பிடரியில் வேர்வை ஓடுவதை நான் வேடிக்கை பார்த்தேன்.

எல்லோரையும் இறக்கினார்கள். டிக்கி பார்த்தார்கள், அடையாள அட்டை பார்த்தார்கள். மாப்பிள்ளை தன்னுடையதைக் காட்டிவிட்டுக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். போகலாம் என்று கைகாட்டினார்கள். எல்லோரும் ஏறினோம். வாப்பா பிஸ்மி சொல்லி, சாவியைத் திருப்பினார்.

டிக்.

இன்னொரு பிஸ்மி, இன்னொரு டிக். சிப்பாய்களின் முகம் மறுபடியும் மாறத் தொடங்கியது. வாப்பா மாப்பிள்ளையைப் பார்த்து, அழுவாரைப்போல, "மருமகன், குறை நினைக்காதங்க. இதத் தள்ளு... தள்ளணும்" என்றார்.

சிப்பாய் நிமிர்ந்தான். "தல்லு?"

"ஓம், ஓம், தள்ளு!"

"தல்லு! தல்லு!" என்று அவன் சிரித்துக்கொண்டே மற்றவர்களைக் கூப்பிட்டான். அவன் யாரிடமோ தமிழ் படித்திருக்கிறான், ளகரம் மட்டும் எங்கள் ஸ்டார்ட்டர் கார்பனைப்போலத் தேய்ந்துவிட்டது என்று நினைத்தேன். அது அவர்களுடைய சொல்லும்தான் என்பது சிங்களப் பாடம் எடுத்தபோதுதான் தெரிந்தது. துவக்குகளை முதுகில் போட்டுக்கொண்டு மூன்று சிப்பாய்கள் டிக்கியில் கைவைத்தார்கள். மாப்பிள்ளை கோட்டைக் கழற்றி என் மடியில் போட்டுவிட்டு அவர்களோடு சேர்ந்தார். நிக்காஹ்வுக்கு அரைமணி நேரம் இருக்கும்போது ஆமிக்காரரோடு தோளுரசிக் கார் தள்ளிய மாப்பிள்ளை எங்கள் பக்கத்தில் அவர் ஒருவர்தான்.

எஞ்சின் உறுமியது. பாய்ந்து ஏறவேண்டும் என்ற எங்கள் வீட்டு முறை சம்மாந்துறையாருக்கு எப்படித் தெரியும்? கார் நிற்கும் என்று நம்பி அவர் கையைத் தட்டிக்கொண்டு நின்றார். திறந்திருந்த பின்கதவு ஆடியது. அது என் காலில் அடிபடுமென்று நான் இழுத்துச் சாத்தினேன்.

கதவுச் சத்தம் கேட்டதும் வாப்பா பறந்தார். பின்கண்ணாடியில் மாப்பிள்ளை சிறுத்துக்கொண்டு போனார். கையை உயர்த்தினார், ஒரு சிப்பாயும் உயர்த்தினான். நானும் கைகாட்டினேன். வாய் திறக்கவில்லை. எனக்கு மோதிரம் முக்கியம்.

காரைதீவுச் சந்தி தாண்டும்வரை வாப்பா பெற்றரிக்குள் நடக்கும் இரசாயன மாற்றங்களை மாப்பிள்ளைக்கு விளக்கினார். பதில் வராததை மரியாதை என்று எடுத்துக்கொண்டார். "ஒங்களப் போல பொறுமையாக் கேக்கிற ஆள நான் காணல்ல, மருமகன்" என்றும் சொன்னார்.

வாசலில் கார் திரும்பியதும் பெண்கள் குரவை போட்டார்கள். கடமை முடிந்த பெருமையில் வாப்பா அன்றைக்கு முதன்முதலாகத் தன் விருப்பத்துக்கு எஞ்சினை நிறுத்தினார். இறங்கிவந்து தன் கையாலேயே பின்கதவைத் திறந்துவிட்டார். கோட்டைத் தூக்கிக்கொண்டு நான் இறங்கினேன். குரவை பாதியில் நின்றது.

"மாப்பிள்ள எங்க, மகள்?" என்றார் உம்மா.

வீட்டுக்கு வந்தாயிற்று, இனிக் கதைக்கலாம். நான் சிரிப்பை அடக்கமுடியாமல் சொன்னேன்: "மச்சான் ஆமிக்காரரோட நிக்கார்."

யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையின் உம்மா உட்காரக் கதிரையைத் தேடித் தடவினார். யாரோ அவசரமாக மாப்பிள்ளைக்குப் போன் எடுத்தார்கள். என் கையிலிருந்த கோட்டு மணியடித்தது. போனைத் தேடிப் பைக்குள் கைவிட்டவர் கையில் அடையாள அட்டையும் வந்தது. அதைக் கண்டதும் உம்மா நெஞ்சில் அறைந்து கத்திய கத்தல் நான் அதுவரை கேட்டிராதது. கலியாணம் கொஞ்சம் பிந்தியதற்கு இத்தனை அழுகையா என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

வாப்பா காருக்குள் பாய்ந்தார். டிக். சொல்லாமலே எல்லோரும் டிக்கிக்கு ஓடினார்கள். சம்மாந்துறைப் பெரியவர்கள், பிரியாணிக்காரர், பட்டுச் சேலைப் பெண்கள் எல்லோரும் தள்ளினார்கள். மணப்பெண் என்று ஒரு மாதமாக அறையைவிட்டு வெளியே வராத ராத்தா, நகையும் கலியாணச் சேலையுமாக இறங்கி வந்து, மருதோன்றிக் கைகள் இரண்டையும் காரில் வைத்தாள். உள்ளே போ என்று சொல்ல ஒருவருக்கும் துணிவு வரவில்லை. "நின்டு பாக்காம தள்ளுங்களன்!" என்று அவள் கத்தினாள்.

ஒழுங்கை முனையில் எஞ்சின் பிடித்தது. வாப்பா பெரிய ரோட்டில் ஏறி மறைந்த அதே நிமிடத்தில், எதிர்ப்பக்கமிருந்து நெல் மூட்டை ஏற்றிய உழவு மெஷின் ஒன்று வந்து திரும்பியது. மூட்டைமேல் மாப்பிள்ளை இருந்தார்.

"ஆமிக்காரர் மறிச்சி ஏத்தி உட்டவங்க. கலியாண மாப்பிள, கெதியாக் கொண்டு போ எண்டு கையால காட்டினவங்க" என்றார் காரைதீவுக்காரரான சாரதி.

மாப்பிள்ளை குதித்தார். தன்னைப் போலவே உள்ளங்கை கறுத்து நின்ற ராத்தாவைக் கண்டார். "நீங்களும் தள்ளினீங்களா?" என்று கேட்டார். மணப்பெண்ணிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது. ராத்தா அழுகையும் சிரிப்புமாக உள்ளே ஓடினாள்.

உம்மா ஓடவில்லை. மாப்பிள்ளைக்கு முன்னால் நின்று கதைத்தே அறியாத உம்மா, அவருடைய முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, "வந்திட்டியா தம்பி? வந்திட்டியா தம்பி?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மருமகனைப் போய்த் தம்பி என்கிறாரே, சந்தோசத்தில் முறையும் மறந்துவிட்டதா என்று நான் பலமாகச் சிரித்தேன். மாமி ஒருவர் என் வாயைப் பொத்தினார்.

இப்போது மாப்பிள்ளை இருந்தார், பெண்ணின் வாப்பா இல்லை. வாப்பா இல்லாமல் நிக்காஹ்வை யார் செய்து கொடுப்பது? அவருடைய போன் வீட்டில் கிடந்தது. ஒரு மணி நேரம் கழித்து முகமெல்லாம் பல்லாக வந்து சேர்ந்தார். சாவடியில் மறுபடியும் 'ஓஃப்' என்றார்களாம், மறுபடியும் அதே சிப்பாய்கள் தள்ளி அனுப்பினார்களாம். நான் மாப்பிள்ளையின் சேற்றுக் காலைக் கழுவினேன். அவர் மோதிரம் போட்டார். அடுத்த கிழமை வாப்பா கராஜ் பாஸிடம் போய் ஸ்டார்ட்டரை மாற்றினார்.

மச்சான் இன்றும் இந்தக் கதையைச் சொல்லும்போது வீடே சிரிக்கும். உம்மா மட்டும் எழுந்து தேத்தண்ணி ஊற்றப் போய்விடுவார். ஏன் என்று எனக்குப் பதினாறு வயதில், ஒரு பெருநாள் சமையலுக்கிடையில் ராத்தா சொன்னாள். மாமா சவூதிக்குப் போகவே இல்லை. நான் பிறப்பதற்கு முன், அவர் போன வேனை வழியில் மறித்து இளைஞர்களை மட்டும் இறக்கினார்களாம். மறித்தது யார் என்பதற்கு இன்றும் ஆளுக்கொரு கதை. அந்த வேனில் வந்த ஒருவர் எங்கள் பழைய வீட்டு வாசலில் நின்று உம்மாவிடம் சொன்னதுதான் மாமாவைப் பற்றி வந்த கடைசிச் செய்தி. "ஒங்கட தம்பி அவங்களோட நிக்கார்."

அதையேதான் நானும் காரிலிருந்து இறங்கி, மோதிர ஆசையில் சிரித்துக்கொண்டு, உம்மாவிடம் சொன்னேன்.