அப்பா கட்டிய கடன்

பெரிய வியாழனன்று, மொன்ட்ரியால்-நோரில் இருக்கும் எங்கள் வாடகை வீட்டுக்கு லீவில் வந்து இறங்கினேன். சப்பாத்தைக் கழற்றி முடிக்கவும் விடாமல் அப்பா சொன்னார்: “உன்ர படிப்புக் கடன் முழுக்க முடிஞ்சுது, பிள்ளை. நான் கட்டிப்போட்டன்.”

அம்மா அவருக்குப் பின்னால் நின்று சிரித்தார். நான் துள்ளிக் குதிப்பேன் என்று இருவரும் காத்திருந்தார்கள். எனக்கோ ஒரு சப்பாத்து காலில், ஒன்று கையில். அப்படியே சுவரில் சாய்ந்து நின்றேன்.

நான் நேர்ஸ். எங்கள் வீடு பக்கத்து மாகாணத்தில் இருந்த காலத்தில், மத்திய அரசின் கடனில் படித்தவள். படிப்பு முடிந்ததும் அப்பாவும் அம்மாவும் வாடகை குறைவு என்று மொன்ட்ரியாலுக்கு வந்துவிட்டார்கள். நான் வடக்கே, பெயர் சொன்னால் ஒருவருக்கும் தெரியாத சின்ன ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அப்படிப்பட்ட ஊர்களில் வேலை செய்யும் நேர்ஸ்மாருக்கு, ஒவ்வொரு வருடம் நிறையும்போதும் கடனில் ஒரு பங்கை அரசாங்கம் தள்ளிவிடும். ஐந்து வருடம் பல்லைக் கடித்தால் என் கடன் போய்விடும். அதற்காகவே போனேன். சேவை மனப்பான்மை என்று யாராவது புகழ்ந்தால் மறுக்காமல் கேட்டுக்கொள்வேன், அவ்வளவுதான்.

அந்த ஊரில் நான் ஒருத்திதான் தமிழ். புயலில் வீதி மூடினால் மாற்று நேர்ஸ் வரமாட்டாள்; மறுநாள் வரை நானே நிற்க வேண்டும். நத்தார்ப் பண்டிகைக்கும் அங்கேதான் நின்றேன். முதல் வருடம் நிறைய இன்னும் சில கிழமைகளே இருந்தன. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்று சொல்வார்களே, அது எனக்கு நடந்தது.

“நான் எத்தினை தரம் ஃபோனில சொன்னனான் அப்பா, அரசாங்கம் தள்ளுமெண்டு?”

“சொன்னனிதான். நீ நம்பினாய். நான் நம்பேல்லை.” அவர் குரலில் கொஞ்சமும் தயக்கம் இல்லை. “இண்டைக்கு விடுறமெண்டு சொல்லுவினம். பேந்து ஆள் மாறினா வட்டியோட கேப்பினம். அரசாங்கம் சும்மா விடுமே?”

அவர் பிறந்த நாட்டில் அறிந்த அரசாங்கம் வேறு. அது வாக்குக் கொடுத்து நிறைவேற்றியதை அவர் ஒருநாளும் கண்டதில்லை. அது எனக்கு விளங்கியது. விளங்கியும் கோபம் இறங்கவில்லை.

அம்மா மீதியைச் சொன்னார். புரோசார்ட்டில் இருந்து ஒரு குடும்பம் என்னைச் சம்பந்தம் கேட்டிருக்கிறது. பூசை முடிந்து மாதா கோயில் மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது, மாப்பிள்ளையின் தாய், “பிள்ளைக்குக் கடன் கிடன் ஏதும்?” என்று சும்மா கேட்பது போலக் கேட்டாராம். அப்பாவுக்கு அது போதும். என் கடன் விபரமெல்லாம் அப்பா வீட்டு விலாசத்துக்குத்தான் வரும். அதை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய்க் கட்டியிருக்கிறார்.

மாப்பிள்ளை வீட்டார் அதற்குப் பிறகு வரவேயில்லை. அது வேறு கதை.

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கடன் அலுவலகத்துக்கு ஃபோன் எடுத்தேன். கட்டிய காசைத் திருப்பி எடுக்க முடியுமா என்று கேட்டேன். முடியாது. இல்லாத கடனை எப்படித் தள்ளுவது என்று அந்தப் பெண் மிகவும் பணிவாகக் கேட்டாள். கடனை அடைத்ததற்கு வாழ்த்தும் சொன்னாள். வாழ்நாளில் நான் வாங்கிய வாழ்த்துகளில் என்னைத் திகைக்கவைத்தது அது ஒன்றுதான்.

பிறகுதான் புத்தியில் உறைத்தது. அப்பாவிடம் அவ்வளவு காசு ஏது?

“சீட்டு எடுத்தவர்,” என்றார் அம்மா. கோயில் சனத்துக்குள் ஓர் அக்கா சீட்டுப் பிடிக்கிறார். முந்தி எடுப்பவர் அந்த அவசரத்துக்காகக் கொஞ்சக் காசை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும், அதுதான் கழிவு. அப்பா யாரும் கேட்காத கழிவுக்குக் கேட்டு, பெரிய சீட்டைத் தூக்கியிருக்கிறார். இனி மாதாமாதம் முழுக்காசு கட்ட வேண்டும். அதற்காக, இந்த வயதில், பகல் வேலை முடிந்து பின்னேரத்தில் டெப்பனர் எனும் மூலைக்கடை ஒன்றில் பியர்ப் பெட்டி அடுக்குகிறார். இடுப்புக்குப் பட்டி கட்டியிருப்பதை அப்போதுதான் கவனித்தேன். நான் நேர்ஸ், வாசலிலேயே கண்டிருக்க வேண்டும்.

அன்றைக்கு அழுதேன். கோபத்திலா, பரிதாபத்திலா என்று கேட்டால் இரண்டிலும்தான்.

உயிர்த்த ஞாயிறு பூசை முடிய, மண்டபத்தில் சீட்டு அக்காவைத் தனியே பிடித்தேன். “இனி அப்பாட்டை வாங்காதேங்கோ அக்கா. மாதாமாதம் நான் அனுப்புறன்.”

“ஓம் பிள்ளை. ஆனா பிந்தக்கூடாது. பிந்தினா மற்றச் சனம் என்னைத்தான் பிடிக்கும்.”

அரசாங்கம் தள்ளும், சீட்டு தள்ளாது. மொன்ட்ரியால் சம்பளத்தில் வாடகையும் கொடுத்துச் சீட்டும் கட்ட முடியாது. வடக்கில்தான் தங்குமிடமும் தருகிறார்கள், சம்பளமும் அதிகம். ஆகவே அந்த ஊருக்கே திரும்பிப் போக வேண்டும், தள்ளுபடி இல்லாமல்.

ரோல்ஸும் தேத்தண்ணியும் வைத்திருந்த மேசைக்குத் திரும்பினேன். அப்பா நாலு பேருக்கு நடுவே, இடுப்பை ஒரு கையால் தாங்கியபடி, நிமிர்ந்து நின்று சொல்லிக்கொண்டிருந்தார். “என்ர பிள்ளைக்கு இண்டைக்கு ஒரு சதம் கடனில்லை.” என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. “என்ன பிள்ளை, இருக்கோ?”

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

“இல்லை, அப்பா,” என்றேன்.