பதினேழாம் பக்கத்துச் சுழி

என் சித்தப்பா மகள் நிபியாவுக்குத் துப்பறியும் கதை கையில் இருந்தால் சோறு தண்ணி வேண்டாம். எங்கள் ஊர் பைசாந்துவில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தெல்மார் பழைய புத்தகம் பரப்பியிருப்பான். படித்த புத்தகம் இரண்டைக் கொடுத்து வேறு ஒன்று எடுக்கலாம். அட்டையெல்லாம் ஒரே மாதிரி பிணமும் துப்பாக்கியும். எது படித்தது, எது படிக்காதது என்று எப்படித் தெரியும்? அதனால் படித்து முடித்ததும் பதினேழாம் பக்கத்தில் எண்ணுக்கு அடியில் பென்சிலால் ஒரு சுழி போட்டுவிடுவாள். கடையில் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டுவாள். சுழி இருந்தால் கீழே வைத்துவிடுவாள்.

அந்தக் குளிர்காலத்தில் நல்லதாகத் தெரிந்த புத்தகத்திலெல்லாம் சுழி.

"இதையும் படிச்சிட்டேனா?" என்றாள் தெல்மாரிடம்.

"சுழி உங்களோடதுதானே, நிபியாக்கா."

"என்னோடதுதான். கதைதான் ஞாபகத்துல இல்ல."

"கொலைகாரன் மறந்துபோனா லாபம்தானே. ஒரே புத்தகம், ரெண்டு தடவ சந்தோஷம்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் அம்மா தோமிதிலா, என் சின்னம்மா, கடைசிக் காலத்தில் பூனையைச் செத்துப்போன தங்கை பேர் சொல்லிக் கூப்பிட்டவள், பெற்ற மகளை "யாரும்மா நீ?" என்று கேட்டவள். அது தனக்கும் வந்துவிட்டதோ என்று நிபியாவுக்குத் தூக்கம் போயிற்று. அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருவாள். அணைத்துத்தான் இருக்கும். அதுவும் நிம்மதியாக இல்லை.

ஒரு ஞாயிறு, சுழி போட்ட புத்தகம் இரண்டைத் துணிந்து வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். முதலாவதை விரித்துப் பார்த்தாள். கலங்கரை விளக்கம் போட்ட அட்டை. உள்மடிப்பு சுத்தமாக இருந்தது. அங்கேதான் அவளுக்குச் சந்தேகம் தட்டியது. மாத்தே இலைத் தேநீர்க் குவளை இல்லாமல் அவள் ஒரு பக்கம் படித்ததில்லை. படித்த புத்தகத்தின் மடிப்பில் அந்த இலைத்தூள் பச்சையாக ஒட்டியிருக்கும்.

அன்று மதியச் சாப்பாட்டுக்கு அவள் கொழுந்தன் எல்பியோ வந்திருந்தான். பெண்சாதி போனபின் ஞாயிறு தவறாமல் வருகிறவன். அவனும் கதைப் பைத்தியம். ஆனால் நல்ல கதையைப் பொறுக்கத் தெரியாது.

"எல்பியோ, என் சுழிய யாரோ போடுறாங்கடா."

அவன் தட்டிலிருந்த ரவியோலியை விட்டு நிமிரவில்லை. காது மட்டும் சிவந்தது.

"நீயா?"

"உங்க வாய்தான் காரணம், அண்ணி. தட்டுல சோறு விழறதுக்குள்ள 'தோட்டக்காரன்தான் கொன்னான்'னு சொல்லிடுறீங்க. ஒண்ணாவது நான் முதல்ல படிக்க வேணாமா? நீங்க எடுத்துப் பாத்துட்டு, அடுத்த வாரம்னு வெச்சுட்டுப் போறதுக்கெல்லாம் ஒரு சுழி போட்டேன்."

"பாவி, அம்மா மாதிரி ஆயிட்டேன்னு நான் செத்துக்கிட்டிருக்கேன்."

"அப்படி நினைப்பீங்கன்னு எனக்குத் தோணவே இல்ல, அண்ணி."

அவளுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்து கண்ணில் நீர் கோர்த்தது. "ரயில் படம் போட்டது?"

"நான்தான்."

"கலங்கரை விளக்கம்?"

"நான்தான்."

"மஞ்சள் அட்டை, கிணறு போட்டது?"

எல்பியோ யோசித்தான். "கிணறா? அத நான் பாத்ததே இல்லையே."

நிபியா பையிலிருந்து இரண்டாவது புத்தகத்தை எடுத்தாள். மஞ்சள் அட்டை. விரித்ததும் மேசைவிரிப்பில் கொஞ்சம் பச்சைத்தூள் உதிர்ந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

எல்பியோ சட்டென்று உள்ளங்கையால் அதை வழித்தான். "என் தூளாத்தான் இருக்கும். நானும் மாத்தே குடிக்கிறவன்தானே."

"இப்பத்தானே பாத்ததே இல்லன்னு சொன்ன?"

"அப்படியா சொன்னேன்? எனக்கும் ஞாபகம் சரியில்ல, அண்ணி."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். அதிலிருந்து ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு கிணற்றுப் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பினாள்.

"கொன்னது யாருன்னு தெரியுதா?" என்றான் மெல்ல.

"தெரியலடா."

"அப்ப இன்னைக்கு நான் நிம்மதியாச் சாப்பிடலாம்" என்று தட்டை நீட்டினான். அவள் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே அவனுக்கு இன்னும் இரண்டு கரண்டி போட்டாள்.